லயத்தை உடைக்கப் போகிறார்கள். அதற்கு முன் போனில் எதை எடுத்து வைப்பது?

தொங்கல்காம்பரா (நோர்வூட்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் புது வீட்டு வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி, தனித்தனி வீடு. நாங்கள் குடிபோனதும் பழைய லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, உடைத்துவிடுவார்கள் என்று பேச்சு. சந்தோஷம்தான். ஒழுகும் தகரத்துக்குக் கீழே சட்டி வைத்துத் தூங்கிய காலம் போகட்டும்.

தங்கச்சியின் கல்யாணப் படம் ஒன்றைத் தேடும்போதுதான் கவனித்தேன். எங்கள் வீட்டு அல்பத்திலும் சரி, எல்லோருடைய போனிலும் சரி, நாங்கள் பிறந்து வளர்ந்த காம்பரா (லயத்து அறை) ஒரு படத்தில்கூட ஒழுங்காக இல்லை. கோயில் வாசல், கல்யாண மண்டபம், பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் சுவரை மறைத்துக் கட்டிய சீலை, இவைதான் இருக்கின்றன. பார்க்கிறவர்கள் நாங்கள் லயத்தில் குடியிருந்தோம் என்றே நம்பமாட்டார்கள்.

உடைப்பதற்கு முன் எதையெல்லாம் எடுத்து வைக்கலாம்? உள்ளே பகலிலும் இருட்டு. படம் எடுத்தால் ஆள் கரியாகவும் வாசல் வெள்ளையாகவும் வருகிறது. என்னிடம் இருப்பது சாதாரண அன்ட்ரொய்ட் போன், இடமும் நிறைந்துவிட்டது. எடுத்ததை எங்கே, எப்படி வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ரம்பொடைமழை (புசல்லாவை)

முதலில் இருட்டு விஷயம். வாசலுக்கு எதிரே ஆளை நிறுத்தி, நீங்கள் உள்ளே நின்று எடுத்தால் அப்படித்தான் வரும். மாறி நில்லுங்கள். ஆளை வாசற்படிக்கு உள்பக்கமாக உட்கார வைத்து, நீங்கள் இஸ்தோப்பில் (வாசல் விறாந்தையில்) வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்றால் முகத்தில் நல்ல வெளிச்சம் விழும். திரையில் முகத்தைத் தொட்டால் போன் அந்த முகத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். பிளாஷ் வேண்டாம். அது அடித்தால் காம்பராவின் ஆழமே போய், சுவர் முழுக்க எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும்.

அடுப்படிக்கு வேறு வழி. காலையில் அடுப்பு மூட்டும் நேரம், கூரை இடுக்கு வழியாக வெயில் இறங்கினால் புகையில் கோடு கோடாகத் தெரியும். அந்த நேரத்துக்குக் காத்திருந்து எடுங்கள். வெளியே குளிர், உள்ளே அடுப்புச் சூடு என்பதால் லென்ஸில் ஆவி படியும். கொஞ்சம் பொறுத்து, பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். நம் ஊரில் போன் படங்கள் மங்கலாக வருவதற்குப் பாதிக் காரணம் லென்ஸில் ஒட்டியிருக்கும் விரல் எண்ணெய்தான். புதுப் போன் வாங்கும் முன் துடைத்துப் பாருங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் சாதாரண லென்ஸ் முழுவதையும் பிடிக்காது. 0.5 என்று இருக்கும் அகல லென்ஸை இடத்தைக் காட்ட மட்டும் பாவியுங்கள். ஓரத்தில் ஆள் நின்றால் முகம் இழுபட்டுப் போகும். இருட்டில் அந்த லென்ஸ் பலவீனமும்கூட, ஆகவே போனை ஏதாவது ஒன்றில் சாய்த்துவைத்து எடுங்கள்.

பனிமூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பனியைக் கண்டால் போன் ‘வெளிச்சம் அதிகம்’ என்று நினைத்துக் குறைத்துவிடும். அதனால்தான் நம் வெள்ளைப் பனி படத்தில் சாம்பல் நிறமாக விழுகிறது. திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள், சரியாகிவிடும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. ‘பியூட்டி’ என்று ஒரு கோதாரி பல போன்களில் தானாகவே போட்டு வருகிறது. அதை நிறுத்துங்கள். அம்மாவின் முகத்துச் சுருக்கத்தை எடுத்துவிட்டு, நிறத்தையும் வெளுத்துத் தந்தால் அது யாருடைய அம்மா?


பதின்மூன்றாம்குறுக்கு (கொழும்பு)

அண்ணே, கோபிக்க வேண்டாம். எனக்கு இது சரியாகப் படவில்லை. நானும் லயத்தில் பிறந்தவன்தான். கரி பிடித்த சுவர், ஒழுகும் தகரம், பொதுக் கக்கூஸ், இதையெல்லாம் எத்தனை பேர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அறிக்கைக்கு ஒரு படம், காசு திரட்ட ஒரு படம், தேர்தலுக்கு ஒரு படம். சுற்றுலா வருகிறவன் கொழுந்து எடுக்கிற அக்காவிடம் சிரிக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போகிறான். போதாததற்கு நாமே எடுத்துப் பேஸ்புக்கில் போட வேண்டுமா? என் ஒபிசில் ஒருவனுக்கும் நான் எங்கிருந்து வந்தேன் என்று தெரியாது. உடைக்கிறதை உடைக்கட்டும். புது வீட்டைப் படம் எடுத்து வையுங்கள்.


தொங்கல்காம்பரா (நோர்வூட்)

தம்பி, பேஸ்புக்கில் போடுவதாக நான் சொல்லவே இல்லையே. வீட்டில் வைக்கத்தான் கேட்டேன்.


பழையடீச்சர் (ஹட்டன்)

பதின்மூன்றாம்குறுக்குத் தம்பியின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தக் கோபம்தான் நாமே எடுக்க வேண்டும் என்பதற்கும் காரணம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையகத்தில் படத்துக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் கண்டியிலும் கொழும்பிலும் இருந்த பெரிய ஸ்டூடியோக்கள் கோப்பித் தோட்டத்தையும் தேயிலைத் தோட்டத்தையும் சலிக்காமல் எடுத்தன. தபால் அட்டைகளாக அவை உலகம் முழுக்கப் போயின. கூடையோடு நிற்கும் பெண், வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆட்கள், பின்னால் துரை. கீழே ‘கொழுந்து எடுப்பவர்’, ‘தமிழ்க் கூலி’ என்று போட்டிருக்கும். பெயர் இருக்காது.

உலகப் புகழ் பெற்ற படப்பிடிப்பாளர் ஒருவரின் கல்லறை நம் பொகவந்தலாவையில் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஜூலியா மார்கரெட் கேமரூன். இங்கிலாந்தில் டார்வின், டென்னிசன் போன்ற பெரும்புள்ளிகளின் முகங்களை எடுத்தவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கை வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாவின் கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். சென் மேரிஸ் தேவாலய வளவில்தான் இருவரும் அடக்கமாகியிருக்கிறார்கள். இங்கேயும் அவர் படம் எடுத்தார், வேலை செய்கிறவர்களை நிறுத்தி எடுத்தார். மிஞ்சியவை மிகக் குறைவு. டென்னிசன் படத்தின் கீழே டென்னிசன் என்று இருக்கிறது. இங்கே எடுத்த ஒன்றின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர் கூட்டம்’. அந்தப் படத்தில் நிற்பவர்கள் யார், யாருடைய பாட்டன், பாட்டி? கேட்க வழியில்லை.

அதற்குப் பிறகு நம்மைப் படம் எடுத்தது காகித வேலைக்காக. 1948இல் பிரஜாவுரிமை போனது. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே உரிமை, மிச்சம் 150,000 பேரின் கதி 1974இல்தான் முடிவானது. எங்கள் லயத்தில் பெரியவர்கள் பலர் முதன்முதலாக ஸ்டூடியோவுக்குள் காலடி வைத்தது பாஸ்போர்ட்டுக்குத்தான். இரவல் கோட்டு, படிய வாரிய தலை, பயந்த முகம். என் அப்பாயி சிரித்தால் எப்படி இருப்பார் என்று என் பிள்ளைகளுக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அதிகாரி கேட்ட படம் மட்டும் இருக்கிறது.

ஆக, துரை வேண்டியதை எடுத்தார், அரசாங்கம் வேண்டியதை எடுத்தது, சுற்றுலா வருகிறவர் வேண்டியதை எடுக்கிறார். அடுப்படியில் அம்மா ரொட்டி தட்டுவதை எடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஏன் தோன்றப்போகிறது? அது நமக்குத்தான் தோன்றும். கையில் போனும் இருக்கிறது. யாரிடம் காட்டுவது, காட்டாமல் வைப்பது என்பதும் நம் கையில்தான்.


பச்சைத்தேத்தண்ணி (பண்டாரவளை)

டீச்சர், பொகவந்தலாவையில்தான் பத்து வருடம் படித்தேன். அந்தக் கோயிலைத் தாண்டித்தான் தினமும் பஸ். ஒருவரும் சொல்லவில்லை!


பதின்மூன்றாம்குறுக்கு (கொழும்பு)

டீச்சர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். போனில் எடுத்தது வீட்டோடு நிற்குமா? யாராவது ஒரு பொடியன் டிக்டொக்கில் சோகப் பாட்டுப் போட்டு விடுவான். அப்புறம் அது நம் கையில் இல்லை.


படங்குக்காரி (மஸ்கெலியா)

தம்பியின் பயம் நியாயம். பொம்பளைப் பிள்ளையாக நானும் ஒன்று சொல்ல வேண்டும். எதையும் எடுக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். பெண்கள் குளிக்கும் பீலிக்கரைப் பக்கம் போனைத் தூக்கக்கூடாது, பீலியை எடுக்க வேண்டுமானால் ஆள் இல்லாத நேரம் பாருங்கள். பக்கத்துக் காம்பராவை எடுப்பதென்றால் கதவைத் தட்டிக் கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் ஏன் என்று கேட்காமல் விட்டுவிடுங்கள். எடுத்ததை அவர்களிடமே காட்டி, பிடிக்காததை அவர்கள் முன்னாலேயே அழியுங்கள். அதைப் பார்த்த பிறகு எங்கள் லயத்தில் பெரியவர்கள் தாங்களாகவே கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள்.

மலையில் வேலை நேரத்தில் போன் எடுத்தால் கங்காணி சத்தம் போடுவார், அது வேறு. நான் அம்மாவை எடுத்தது விடியற்காலையில், வேலைக்குக் கிளம்பும்போது. படங்கு கட்டுவது எப்படி என்று வீடியோவாக எடுத்தேன். உரச் சாக்கை இரண்டாக மடித்து இடுப்பில் சுற்றி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சைப் பக்கவாட்டில் இழுத்துவிடுவார். முன்னால் முடிந்தால் செடியில் மாட்டும் என்பார். காலுக்குச் சவர்க்காரம் தேய்ப்பது அட்டை கடிக்காமல் இருக்க. தலைக்குத் துண்டு, அதற்குமேல் கூடைக் கயிறு உட்காரும் இடத்தில் மட்டும் மடித்த துணி. அந்த இடத்தில் அம்மாவுக்கு முடி கொட்டி வழுவழுவென்று இருக்கும். இப்போது பல இடங்களில் கூடை போய்ப் பை வந்துவிட்டது. தலையில் கயிறு மாட்டுவதைப் பார்த்திராத பிள்ளைகள் வளர்கிறார்கள்.

இன்னொன்று அம்மாவின் கை. வேலை முடிந்து வந்து பால் சேர்க்காத பிளேன்டி குடிக்கும்போது கிட்டத்தில் வைத்து எடுத்தேன். ஆள்காட்டி விரலிலும் பெருவிரலிலும் கொழுந்துச் சாறு ஏறி ஏறிக் கறுத்திருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. நகத்துக்குப் பக்கத்தில் பிளவு. சீனி கலக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்பார். ‘என்னடி இதைப் போய் எடுக்கிற, மூஞ்சிய எடு’ என்று சொன்னது வீடியோவில் குரலாக இருக்கிறது. அந்தக் குரலுக்காகவே அதை அழிக்கமாட்டேன்.


ரம்பொடைமழை (புசல்லாவை)

படங்குக்காரி அக்கா சொன்ன குரல் விஷயத்தை எல்லோரும் பிடித்துக்கொள்ளுங்கள். லயத்தில் சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டு ரேடியோ, இருமல், பிள்ளைக்கு விழும் அடி எல்லாம் நம் வீட்டுக்குள்ளும் கேட்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு வீடியோவை ஓடவிட்டால் படம் இருட்டாக இருந்தாலும் அந்தச் சத்தம் பதியும். தனி வீட்டுக்குப் போனபின் அது திரும்பக் கிடைக்காது. (கிடைக்காமல் இருப்பது நல்லதுதான் என்று என் மனைவி சொல்கிறாள்.)


நாலுக்குஆறு (தலவாக்கலை)

நான் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பழைய படங்களைப் பற்றிச் சிலவற்றைச் சொல்கிறேன், ஏனென்றால் லயத்தை உடைக்கும்போது முதலில் தொலைவது சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடிப் படங்கள்தான்.

நம் ஊர் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போகும். தயவுசெய்து பிய்க்காதீர்கள். பிய்த்தால் முகம் கண்ணாடியில் நிற்கும், தாள் கையில் வரும். கண்ணாடியைத் துடைத்து, அப்படியே போனால் எடுங்கள். வெயிலில் வேண்டாம், இஸ்தோப்பு நிழலில் வையுங்கள். கண்ணாடியில் உங்கள் உருவமே தெரிந்தால், பின்னால் ஒருவரைக் கறுப்புக் கம்பளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள், பளபளப்பு போய்விடும். போனைப் படத்துக்கு நேராகப் பிடியுங்கள், சாய்த்தால் சட்டம் ஒருபக்கம் ஒடுங்கும். கண்ணாடி இல்லாத படமென்றால் கூகுளின் போட்டோஸ்கேன் செயலி நான்கு மூலையிலிருந்தும் எடுத்துச் சேர்த்துப் பளபளப்பை நீக்கித் தரும், இலவசம்.

எடுத்தபின் படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, திகதி, யாராவது கிறுக்கிய கணக்கு, எதுவும் உதவும்.

இப்போது ஒரு மனக்குறை. பழைய படத்தைக் கொண்டுவந்து ‘ஏஐயில் போட்டுத் தெளிவாக்கித் தாங்க’ என்று கேட்கிறார்கள். செய்து கொடுத்துக் காசு வாங்கலாம்தான். ஆனால் மங்கிப்போன முகத்தில் இல்லாத கண்ணையும் பல்லையும் அது ஊகித்துப் போடுகிறது. அண்மையில் ஓர் அம்மா, வேறெங்கோ அப்படிச் செய்துவாங்கிய படத்தைக் கொண்டுவந்து, ‘இது என் வீட்டுக்காரர் இல்லை’ என்றார். உண்மையில் இல்லைதான். கழுத்துக்குக் கீழேதான் அவர். ஏஐயில் போட விருப்பமென்றால் போடுங்கள், மூலத்தை மட்டும் தொடாமல் தனியாக வையுங்கள்.

நல்ல படங்களை 4ஆர் அளவில், அதாவது நாலுக்கு ஆறு அங்குலத்தில், அச்சடித்தும் வையுங்கள். கடைக்காரன் அப்படித்தான் சொல்வான் என்று சிரிக்கலாம். போன் கழிந்துபோனபின் கடைசியில் வீட்டில் நிற்பது தாள்தான்.


பச்சைத்தேத்தண்ணி (பண்டாரவளை)

தாளும் நிற்காது அண்ணே. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் எங்கள் மாமா வீட்டுக்குள் சேறு வந்தது. ஆட்கள் தப்பியது பெரிய புண்ணியம். அல்பம் மூன்றும் கட்டியாகிவிட்டன. வெயிலில் காயவைத்தார்கள், எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொண்டது.


நாலுக்குஆறு (தலவாக்கலை)

வெயில் வேண்டாம், இஸ்திரிப்பெட்டியும் வேண்டாம். இனி யாருக்காவது அப்படி நடந்தால், ஒட்டியிருக்கும் படங்களைச் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, தானாகப் பிரியும்போது மெதுவாக எடுங்கள். படப்பக்கத்தை விரலால் தேய்க்காதீர்கள். பிறகு நிழலில், முகம் மேலே பார்க்க, துணியில் பரப்பிக் காயவிடுங்கள். ஓரிரு நாளில் செய்தால் காப்பாற்றலாம், காய்ந்து கட்டியானால் கஷ்டம். மாமாவின் அல்பத்தை உள்ளபடியே கொண்டுவாருங்கள், பார்ப்போம்.

2014இல் மீரியாபெத்தையில் மண் சரிந்தபோது லயத்தோடு எல்லாம் போனது நினைவிருக்கிறதல்லவா. வீடு போகும் இடத்தில் அல்பம் எங்கே நிற்கப்போகிறது? அதனால்தான் தாளும் வேண்டும், வேறிடத்தில் ஒரு பிரதியும் வேண்டும்.


கேபிள்காரன் (பதுளை)

வேறிடத்தில் பிரதி என்று அண்ணன் எடுத்துக்கொடுத்துவிட்டார், அங்கிருந்து தொடர்கிறேன்.

நம் ஆட்களின் படம் எல்லாம் வட்ஸ்அப்பில்தான் இருக்கிறது. படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். 2023இல் எச்டி என்று ஒரு தெரிவு வந்தது, அதுவும் முழு அளவு இல்லை. அதோடு, எந்த நாள், எந்த இடத்தில் எடுத்தது என்று படத்துக்குள் பதிந்திருக்கும் விவரத்தையும் உருவிவிடும். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அனுப்பிய திகதி மட்டும் மிஞ்சும். படங்களை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், உள்ளது உள்ளபடி போகும். கெமராவில் ‘லொகேஷன்’ போட்டு வையுங்கள். சிக்னல் இல்லாத மலையிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அதற்கு டேட்டா தேவையில்லை.

கூகுள் போட்டோஸ் இலவசம் என்று பழைய நினைப்பில் இருக்காதீர்கள். 2021 ஜூன் 1 முதல் எல்லாமே 15 ஜிபிக்குள் கணக்கு, மெயிலும் அதிலேயே சேரும். வீடியோ போட்டால் சட்டென்று நிறையும். குடும்பத்தில் இன்னொருவர் பெயரில் ஒரு கணக்கு திறந்து இந்தப் படங்களை மட்டும் அதில் போடலாம். கடவுச்சொல்லை இரண்டு பேராவது தெரிந்து வையுங்கள்.

அதற்குமேல் பென்டிரைவ் ஒன்று. போனில் நேராகச் செருகும் வகை இருக்கிறது. அதைக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், அதே அலுமாரியில் வைத்தால் பிரயோசனம் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். மலிவு மெமரி கார்டில் மட்டும் நம்பி விடாதீர்கள்.

போனில் இடமில்லை என்று கேட்டிருந்தீர்கள். வட்ஸ்அப் இமேஜஸ் என்ற பகுதிக்குள் போய் ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்பூக்களை அழியுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசுவோம்.


பழையடீச்சர் (ஹட்டன்)

கேபிள்காரன் தம்பி, இடமும் நாளும் போன் தானாக எழுதிக்கொள்கிறது, சரி. யார் என்பதை யார் எழுதுவது?


கேபிள்காரன் (பதுளை)

அதைத்தான் எழுத வந்தேன் டீச்சர். கூகுளில் படத்தின் கீழே குறிப்பு எழுதலாம், ஆனால் அந்தப் படத்தை வேறிடத்துக்கு எடுத்தால் குறிப்பு கூடவே வரும் என்று நம்ப முடியாது. நான் செய்வது பழைய முறை. ஒரு கொப்பியில் ‘இடமிருந்து வலம்: பெரியம்மா, அவரின் மூத்த மகள், மேல் லயத்துக் கங்காணி வீட்டு மருமகள்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, குடும்பப் படம் எடுத்த கையோடு அந்தப் பக்கத்தையும் எடுத்துவிடுவேன். இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். எந்தப் போனுக்கு மாற்றினாலும் பிரியாது.

‘பெரியம்மா’ என்று மட்டும் எழுதினால் நாளைக்கு யாருடைய பெரியம்மா என்று கேள்வி வரும். பெயரும், லயத்தின் இலக்கமும், டிவிசனும் போடுங்கள்.


கூடலூர்வாசி (நீலகிரி)

வணக்கம். நான் இந்தப் பக்கம். தாத்தா குடும்பம் ஒப்பந்தத்தில் தலைமன்னார்க் கப்பல் ஏறி வந்தது. இங்கே டேன்டீயில், அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகத்தில், மறுபடியும் தேயிலைதான். தாத்தா கடைசிவரை பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தைப் பற்றியே பேசுவார். கோயிலுக்கு முன்னால் பெரிய கல், அதற்குக் கீழே லயம், முச்சந்தியில் காமன் பொட்டல், மாசி மாதம் காமன் கூத்து என்று. எங்களிடம் இருப்பது பாஸ்போர்ட் படம் ஒன்றே ஒன்று. அவர் பேசிய இடம் கண்ணில் எப்படி இருக்கும் என்று தெரியாது.

பதின்மூன்றாம்குறுக்கு அண்ணா கேட்டதற்கு ஒரு பதில். உங்களுக்கு மறைக்க வேண்டிய சுவராகத் தெரிவது எங்களுக்குத் தேடிக்கிடைக்காத சுவர். நீங்கள் சொல்லும் வலி இல்லை என்று நான் சொல்லவில்லை.


பதின்மூன்றாம்குறுக்கு (கொழும்பு)

நீங்கள் சொன்னதை இரண்டு முறை வாசித்தேன். சரி. ஆனால் என் நிபந்தனை மாறவில்லை. முகம் தெரியும் படம் எதுவும் அவரவர் சம்மதம் இல்லாமல் வெளியே போகக்கூடாது. சின்னப் பிள்ளைகள் படம் போகவே கூடாது. இடம், பொருள், வேலை முறை, கூத்து, இவற்றைப் பொதுவில் வைக்கலாம்.


பழையடீச்சர் (ஹட்டன்)

அப்படிப் பொதுவில் வைக்க விரும்புகிறவர்களுக்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் படங்கள், ஒலிப்பதிவுகளுக்காக ஆவணகம் என்று தனியாகவே நடத்துகிறது. மலையக ஆவணங்களும் அதில் சேர்கின்றன. கம்பளைப் பக்கத்தில் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். 2023இல், நம் ஆட்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து, மலையகம் இருநூறு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த நடையை எடுத்த போன்களில் எத்தனை ஆயிரம் படம் கிடக்கும்! அவற்றில் யார் யார் நிற்கிறார்கள் என்று எழுதி வைத்தவர் எத்தனை பேர் என்பதுதான் என் கவலை.


தொங்கல்காம்பரா (நோர்வூட்)

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு, பௌர்ணமிப் போயா நாட்களில் எடுக்கத் தொடங்கிவிட்டேன். இதுவரை நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் அம்மா வீட்டைக் கழுவி, பானைக்குப் புதுத் துணி போட்டு மூடி, கட்டிலுக்குப் புது விரிப்பும் விரித்துவிட்டார். விருந்தாளி வருவதாக நினைப்பு. ‘எப்பவும்போல இருங்கம்மா’ என்றால் கேட்கவில்லை. அதையும் எடுத்தேன், ஏனென்றால் போட்டோ என்றதும் அம்மா செய்கிற வேலையும் எங்கள் வீட்டு வழக்கம்தானே. அடுத்த நாள் சொல்லாமல் எடுத்தேன், காட்டிச் சம்மதம் வாங்கினேன்.

கதவு நிலையில் எங்கள் உயரத்தைக் கரியால் கீறிய கோடுகள், அப்பா சுவரில் எழுதிய சீட்டுக் கணக்கு, மாடத்தில் விளக்கு வைத்து வைத்துக் கறுத்த இடம், இஸ்தோப்புத் தூணில் மாட்டுக்குக் கயிறு கட்டிய தேய்மானம். பொதுப் பைப்புக்கு முன்னால் வரிசையாகக் காத்திருக்கும் வாளிகள், ஆள் இல்லாமல். ரம்பொடைமழை அண்ணன் சொன்ன இரவுச் சத்தமும் ஆயிற்று. பக்கத்து வீட்டு மாமா நாடகம் பார்த்துவிட்டுத் திட்டுவது தெளிவாக விழுந்திருக்கிறது, அவருக்கும் போட்டுக் காட்டினேன். இன்னொரு பிரதி கேட்டார்.

ஒரு சிக்கல். அப்பாவின் பெட்டியில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் ஏழெட்டுப் பேர், நடுவில் தராசு. பின்பக்கம் ஒன்றும் இல்லை. அம்மா ஓரத்தில் நிற்பவர் பெரிய தாத்தா என்கிறார். மேல் லயத்து அப்பத்தா இல்லவே இல்லை, அது தன் கொழுந்தனார் என்கிறார். இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. எதை எழுதுவது?


கேபிள்காரன் (பதுளை)

இரண்டையும் எழுதுங்கள். யார் சொன்னது என்றும் போடுங்கள்.


கூடலூர்வாசி (நீலகிரி)

அந்த மடுவம் எந்தத் தோட்டம் என்று தெரியுமா? ஒரு பிரதி அனுப்ப முடியுமா? இங்கே எண்பதைத் தாண்டிய ஒரு பெரியம்மா இருக்கிறார், அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர். கண் கொஞ்சம் மங்கல், ஆனால் டிவியில் பெரிதாக்கிக் காட்டலாம்.


தொங்கல்காம்பரா (நோர்வூட்)

அம்மாவிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். வட்ஸ்அப் இலக்கத்தைத் தனிச்செய்தியில் போடுங்கள்.


நாலுக்குஆறு (தலவாக்கலை)

டாக்குமென்டாக அனுப்புங்கள் தம்பி! பின்பக்கத்தையும் சேர்த்து.


தொங்கல்காம்பரா (நோர்வூட்)

பின்பக்கம் வெறுமை என்றேனே அண்ணே.


நாலுக்குஆறு (தலவாக்கலை)

வெறுமையாக இருந்தாலும் எடுங்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்தால், மங்கிப்போன முத்திரை சில நேரம் அழுந்தின தடமாகத் தெரியும்.


தொங்கல்காம்பரா (நோர்வூட்)

டோர்ச் அடித்துப் பார்த்தேன். ‘ஸ்டூடியோ’ என்று ஒரு பாதியும், கீழே ‘ஹட்டன்’ என்றும் தெரிகிறது. திகதி இல்லை. இரண்டு பக்கத்தையும் அனுப்புகிறேன்.